சித்திரை விடுமுறையில் உழைப்பும் ஓய்வும்

சித்திரை பிறக்குமுன்னரே தாழ்நாட்டு மக்கள் வெப்பம் தாளாது மலைநாட்டை நாடி வருகின்றனர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏப்பிரல் மாதம் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நிகழும் வசந்த காலமாகும். ஆனால் வந்தோர் உண்ணும் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விளைவிக்கும் கமக்காரருக்கோ இது வேலை மிகுந்த காலம். பிறருடைய விடுமுறைக்காக உழைப்போர் தமது ஓய்வை மறத்தல் ஆகாது. நீரையும் பசளையையும் போல ஓய்வையும் காலமறிந்து ஒதுக்குதல் வேண்டும்.

இம்மலையில் ஓய்வும் உழவும் சேர்ந்தே வந்தவை. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் காய்ச்சலினால் மெலிந்து, உடல் தேறுவதற்காகவே இங்கு வந்தார். நிலத்தின் குளிர்ச்சியைக் கண்டு, 1848 ஆம் ஆண்டில் ஆட்களையும் கால்நடைகளையும் கொணர்ந்து பண்ணை அமைத்தார்.

வெயிலை அறிந்து வேலை செய்க

காற்று குளிர்ந்திருப்பதனால் மலைநாட்டு வெயில் தீங்கற்றது என எண்ணுதல் தவறு. ஏப்பிரல் முதற் பாதியில் இலங்கையில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கின்றது. மேலும், உயரம் 1,000 மீற்றர் கூடுந்தோறும் தோலைச் சுடும் கதிர்களின் வலிமை ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதம் மிகுகின்றது. வியர்வை காற்றில் விரைவாக உலர்வதால், உடல் இழக்கும் நீரின் அளவு நமக்குத் தெரிவதில்லை.

ஆகையால் மண் வெட்டுதல், கூட்டெரு சுமத்தல், கிழங்கு தோண்டுதல் முதலிய கடும் வேலைகளை விடியற்காலையிலே தொடங்கி, முற்பகல் 10 மணிக்குள் முடித்துக்கொள்க. 11 மணி முதல் 2 மணி வரை நிழலில் தங்கி உண்டு இளைப்பாறுக. காய்கறி தரம் பிரித்தல், விதை துப்புரவாக்கல் போன்ற இலகுவான வேலைகளை அந்நேரத்தின் பின்பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம். வெயிலில் நிற்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை நீர் அருந்துக. உப்பிட்ட கஞ்சியும் மோரும் நன்று. தலைச்சுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு தோன்றின் உடனே வேலையை நிறுத்துக. ஒருவர் பிதற்றினாலோ மயங்கினாலோ, உடலை நீரால் நனைத்துக் குளிர்வித்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

பிற்பகல் இடிமழை

மார்ச், ஏப்பிரல் மாதங்களில் காலை வெளித்திருந்தாலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்தல் இயல்பு. முழக்கம் கேட்டவுடன் மண்வெட்டியைக் கீழே வைத்து வீட்டினுள் செல்லுக. தேயிலை மலையின் நிழல்மரத்தடியில் ஒதுங்குதல் உயிருக்கே ஆபத்து. கடைசி முழக்கத்தின் பின் 30 நிமிடம் கழியும்வரை வெளியே வருதலாகாது. இம்மழை வெறுமையான சரிவு நிலத்தின் மேல்மண்ணை அரித்துச் செல்லுமாதலால், கான்களை முன்னரே துப்புரவாக்கி, பாத்திகளை மானாப்புல்லால் மூடுக. அவ்வாறு மூடுவதனால் ஈரம் காக்கப்பட்டு, நீர் சுமக்கும் வேலையும் குறையும்.

விதைப்பிலே தொடங்கும் விடுமுறை

கரட் ஏறக்குறைய 3 மாதத்தில் முற்றும். தை மாதத்தில் நிலம் முழுவதையும் ஒரே நாளில் விதைத்தவர், புத்தாண்டுக் கிழமையில் ஆளுமின்றி லொறியுமின்றித் தவிப்பர். நிலத்தை மூன்று பங்காக்கி, இரு கிழமை இடைவெளியில் விதைத்தால், ஒரு பங்கு புத்தாண்டுக்கு முன்னும் ஏனையவை பின்னும் விளையும். விலை வீழ்ச்சியால் வரும் நட்டமும் குறையும். பண்டிகையைப் பிள்ளைகளுடன் கொண்டாட நாளும் கிடைக்கும்.

விலை உயர்ந்திருக்கிறதே என்று, பீடைநாசினி தெளித்த பயிரைக் குறித்த நாட்கள் கழியுமுன் அறுத்து விற்றலாகாது. விடுமுறையில் வீட்டிலிருக்கும் பிள்ளைகளை மருந்து கலக்கவும் தெளிக்கவும் விடுதல் கூடவே கூடாது.

நெற்கமக்காரருக்கு

கொத்மலை, வலப்பனை முதலிய தாழ்ந்த பகுதிகளில் பெரும்போக அறுவடை முடிந்து சிறுபோகம் தொடங்கும் இடைவெளியிலே புத்தாண்டு வருகின்றது. விதைநெல்லை நன்கு உலர்த்திப் பத்திரப்படுத்தல், வாய்க்கால் தூர் எடுத்தல், வரம்பு கட்டுதல் ஆகியவற்றைப் பண்டிகைக்கு முன் சிறிது சிறிதாக முடிப்பின், மழை கண்டவுடன் உழவைத் தொடங்கலாம். இன்று நான் உமக்கு, நாளை நீர் எனக்கு என அயலவர் மாறி மாறி உதவுவாராயின், எவரும் தனித்து உடல் முறிய உழைக்க வேண்டியதில்லை.

களைத்த உடல் மண்வெட்டியால் காலை வெட்டிக்கொள்ளும். மருந்தின் அளவையும் தவறவிடும். இளைப்பாறிய கமக்காரரோ அதே நிலத்தில் குறைந்த நேரத்தில் திருந்திய வேலை செய்வார். விதைக்குமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கலந்து, வேலை நாட்களுடன் ஓய்வு நாட்களையும் குறித்துக்கொள்வீர்களாக.