வீடு மாறும் உறவினர்க்கு நம் கடமை

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொல்லி வைத்தனர் நம் முன்னோர். இந்நாளில் அப்பழமொழியோடு மூன்றாவதாக ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்: 'வீட்டை மாற்றிப் பார்.' அதிலும், எழுபது வயதைக் கடந்த அத்தையோ மாமாவோ பிறந்து வளர்ந்த ஊரை விட்டுத் தொலைநகர் ஒன்றில் குடியேறுகையில், அவர்களுக்குத் துணை நிற்பது எளிய காரியமன்று. லாரி பிடித்துக் கொடுப்பதோடு அவ்வுதவி முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் லாரி வருவதற்கு முன்னும், அது திரும்பிச் சென்ற பின்னும்தான் நம் உதவி மிகுதியாகத் தேவைப்படுகிறது.

சுசீந்திரம் போன்ற நாஞ்சில் நாட்டு ஊர்களிலிருந்து மக்கள் வெளியூர் செல்வது புதிதன்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும் வரையில் நம் பகுதிக்குத் தலைநகராய் விளங்கியது திருவனந்தபுரம். உயர்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் நம்மவர் அங்குதான் சென்றனர். சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவர்களும் திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பணியாற்றி, 1931-இல் ஓய்வு பெற்றபின் தம் துணைவியாரின் ஊராகிய புத்தேரிக்கு வந்து தங்கினார். இளமையில் செல்வதும், முதுமையில் ஊர் திரும்புவதும் அக்கால வழக்கம். சென்றவரை எதிர்நோக்கி வீடு காத்திருந்தது.

இணைப்புக்குப் பின் நம் இளைஞரின் நோக்கு சென்னையின் பக்கம் திரும்பிற்று. 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கும், 1981-இல் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மாலையில் நாகர்கோவிலில் வண்டி ஏறினால் ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர் கடந்து மறுநாள் காலை சென்னையில் இறங்கலாம். பயணம் எளிதாயிற்று. ஆனால் போனவர்கள் திரும்பவில்லை. மாறாக, ஊரில் தங்கிய முதியோரைத் தம்மிடம் அழைத்துக்கொள்ளத் தொடங்கினர். இன்று வீடு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பூட்டப்படுகிறது, அல்லது விற்கப்படுகிறது. ஆகவேதான் இக்காலத்து வீடு மாற்றத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறோம்.

முதற்கண், செல்லுகிறவரைக் கேட்க வேண்டும். இது சொல்லவேண்டிய செய்தியா என்று வாசகர் வியக்கலாம். ஆயினும் எத்தனையோ குடும்பங்களில் பிள்ளைகள் தொலைபேசியில் கூடிப் பேசி முடிவெடுத்து, நாள் குறித்து, இறுதியில்தான் தாய்க்குத் தெரிவிக்கின்றனர். அவர் மறுப்பதில்லை. மறுத்தால் பிள்ளைகளுக்குப் பாரமாவோம் என்ற அச்சமே அவர் வாயை அடைக்கிறது. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ளலாகாது. போக விருப்பமா, எப்போது போகலாம், யாரோடு தங்கலாம் என்னும் மூன்று கேள்விகளையும் அவரிடமே கேட்டு, விடை வரும்வரை காத்திருப்பது உறவினரின் முதற்கடமை.

அடுத்து, காலம் அறிதல். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைகிறது. கும்பப்பூ அறுவடை மாசி, பங்குனியில் முடிவுறும். வயலைக் குத்தகைக்கு விட்டிருப்போர் அதன்பின் கணக்குத் தீர்த்துக்கொள்வது எளிது. பள்ளி ஆண்டும் அதையொட்டி முடிகிறது. ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. இரு மழையும் பெறும் நம் மாவட்டத்தில் சாமான் ஏற்றுவதற்கு ஏப்ரல், மே திங்கள்களே ஏற்றவை.

சாமான்களைப் பிரிப்பதில் பொறுமை தேவை. ஒருவர் எழுத, முதியவர் சொல்ல, 'கொண்டு போவது, கொடுத்து விடுவது, இங்கேயே வைப்பது' என்று மூன்று பட்டியல் ஆயத்தம் செய்க. சுசீந்திரத்தில் நாம் அறிந்த ஓர் அம்மையார் சென்னைக்குச் செல்லவிருந்தபோது, அவருடைய அண்ணன் மகன் உதவிக்கு வந்திருந்தார். பத்தாயத்தையும் பெரிய உருளிகளையும் என்ன செய்வது என்றுதான் அவருக்குக் கவலை. அம்மையாரோ, "மக்களே, பத்தாயத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. உனக்கெல்லாம் மருந்து உரைத்த அந்தக் கல்லை மட்டும் என் பெட்டியில் வை" என்றார். கொல்லையில் எறியக் குவித்த பொருள்களுக்குள் கிடந்தது அந்தச் சிறு கல். விலை மதிப்பால் பார்த்தால் அது ஒன்றுமில்லை. கேளாமல் எறிந்திருந்தால் அந்த அம்மையாருக்கு ஈடு செய்ய இயலாத இழப்பாகியிருக்கும்.

இனி ஆவணங்கள். நிலப்பத்திரம், பட்டா, வரி ரசீது, வங்கிப் புத்தகம், ஓய்வூதியத் தாள்கள், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை லாரியில் ஏற்றலாகாது. ஒரே கைப்பையில் இட்டு, உடன் பயணம் செய்பவர் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்கான மருந்துகளும் அப்பையிலேயே இருக்கட்டும். எரிவாயு உருளையைப் பயணிகள் ரயிலில் கொண்டு செல்வது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி குற்றம். உருளையையும் ரெகுலேட்டரையும் இங்குள்ள முகவரிடம் ஒப்படைத்து, மாற்றுச் சீட்டும் முன்பணமும் பெற்றுக்கொண்டு, புதிய ஊரில் இணைப்புப் பெறலாம். ரயிலில் படுக்கை வசதி வகுப்பில் செல்வோர் கட்டணமின்றி 40 கிலோ வரை சுமை கொண்டு போகலாம். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8 உள்ளது. தமிழகத்துக்குள் குடிபெயர்வோர் குடும்ப அட்டையைக் குறித்துக் கலங்க வேண்டியதில்லை. 2020 அக்டோபர் முதல் மாநிலத்தின் வேறு நியாயவிலைக் கடையிலும் பொருள் வாங்க வழி செய்யப்பட்டுள்ளது. பங்குக் கோவிலிலிருந்து குடும்ப அறிமுகக் கடிதமும் பெற்றுச் சென்றால், சென்ற இடத்துப் பங்கில் அந்நியராய் நிற்க நேராது.

வீட்டைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். புறப்படும் வேகத்தில் வீட்டை விற்பதும், பிள்ளை பெயருக்கு எழுதி வைப்பதும் விவேகமன்று. ஓராண்டேனும் வாடகைக்கு விட்டுப் பார்க்கலாம். புதிய ஊர் ஒத்துவராவிடில் திரும்பி வர ஒரு கூரை இருக்குமல்லவா? எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுக. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்நிபந்தனை மீறப்பட்டால் அச்சொத்து மாற்றத்தைச் செல்லாதென அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. உறவினர் இதனைப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே எடுத்துரைப்பது நன்று. நல்ல பிள்ளைகள் இதற்காக வருந்தமாட்டார்கள்.

விடைபெறுதலுக்கென்று ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். மளிகைக் கடையின் பற்றுவரவைத் தீர்த்து, பால்காரரிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லிக்கொண்டு, ரத வீதியிலும் தெப்பக்குளத்தங்கரையிலும் ஒருமுறை நடந்துவர முதியவருக்கு நேரம் வேண்டும். ஐம்பது ஆண்டுகள் மார்கழித் தேரோட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டவர் அவர். மதத்தால் வேறுபட்டாலும் தெருவால் ஒன்றானவர்கள் அவருடைய அண்டை வீட்டார். அவர்களிடம் சொல்லாமல் விடியுமுன் புறப்படச் செய்வது கொடுமையாகும்.

திருமறையில் தொடக்க நூல் காட்டும் யோசேப்பு இவ்வகையில் நமக்குச் சிறந்த முன்மாதிரி. கானானில் பஞ்சம் நேர்ந்தபோது, தந்தை யாக்கோபை எகிப்துக்கு அழைத்துவர அவர் வண்டிகளை அனுப்பினார்; வழிக்கு உணவும் அனுப்பினார். முதியவர் பெயேர்செபாவில் நின்று வழிபட்ட பின்னரே மேலே சென்றார். எகிப்தில், ஆடு மேய்க்கும் தம் தொழிலைத் தொடர ஏற்ற கோசேன் நாட்டில் குடும்பம் குடியமர்த்தப்பட்டது. தம்மை மூதாதையரோடு அடக்கம் செய்யவேண்டும் என்று தந்தை கேட்டபோது யோசேப்பு பேச்சை மாற்றவில்லை; ஆணையிட்டு உறுதியளித்தார், பதினேழு ஆண்டுகள் அங்கு வாழ்ந்து தந்தை இறந்தபின் அதை நிறைவேற்றவும் செய்தார். நம் முதியோர் பலரின் நெஞ்சிலும் இக்கேள்வி உண்டு: 'என்னை எங்கே அடக்குவீர்கள்?' அதை அபசகுனம் என்று அடக்காமல், அமர்ந்து கேட்டு, விடையளிக்க வேண்டும்.

சென்று சேர்ந்தபின் முதல் மூன்று மாதங்களே கடினமானவை. பால் கடை, மருந்துக் கடை, கோவில், பேருந்து நிறுத்தம் ஆகிய நான்கு இடங்களுக்கும் அவரை உடன் அழைத்துச் சென்று, பின் தனியே சென்றுவரப் பழக்குக. மாடிக் குடியிருப்பில் இருப்பவர்க்கு மின்தூக்கியை இயக்கக் கற்றுக்கொடுங்கள். இல்லையேல் நான்கு சுவர்களே அவர் உலகமாகிவிடும். முக்கியமான தொலைபேசி எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஊரில் இருப்போருக்கும் பங்கு உண்டு. மழைக்கு முன் ஓட்டைச் சரிபார்த்தல், வீட்டுவரி செலுத்துதல், வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து ஊர்ச் செய்தி சொல்லுதல் ஆகியவை சிறு பணிகளே. தேரூர்க் குளத்திற்கு இவ்வாண்டும் பறவைகள் வந்துவிட்டன என்னும் ஒரு செய்தி, மாடிவீட்டில் அமர்ந்திருக்கும் அத்தைக்கு மருந்தைக் காட்டிலும் நலம் பயக்கும்.

நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பெயர்ப்பவர் வேர் அறாமல் பெயர்ப்பார். நட்டபின் தண்ணீர் கட்டி, அது பச்சை பிடிக்கும் வரை வயலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நாஞ்சில் நாட்டு மக்களுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நெல்லுக்குக் காட்டும் அக்கறையை நம்மைப் பெற்றவர்களுக்கும் வளர்த்தவர்களுக்கும் காட்டுவோமாக.