மெலிந்த கால்களும் உஹது மலையும்

திருமண வீடொன்றில் நெடுநாள் காணாத உறவினர் இருவர் சந்திக்கின்றனர். ஒருவர் ஸலாம் உரைக்கின்றார். மற்றவர் பதில் ஸலாம் கூறுகின்றார். உம்மீது சாந்தி உண்டாகுக என்று இறைஞ்சிய அதே நா அடுத்த நொடியில், “என்னப்பா இது, எலும்பும் தோலுமாய் ஆகிவிட்டாய்! வீட்டில் சோறு போடுவதில்லையா?” என்று கேட்கின்றது. சூழ நிற்போர் சிரிக்கின்றனர். கேட்கப்பட்டவரும் வேறு வழியின்றிச் சிரித்து வைக்கின்றார். பந்தியில் அமர்ந்தபின் அவருடைய தட்டில் ஒரு கரண்டி சோறு கூடுதலாக விழுகின்றது. அதனோடு இன்னொரு சிரிப்பும் விழுகின்றது.

பருத்த உடலைப் பழித்தால் அது பழிப்பே என்பதை இன்று பலரும் ஒப்புக்கொள்ளத் தொடங்கியுள்ளனர். மெலிந்த உடலைப் பழிப்பதை மட்டும் நாம் அக்கறையின் கணக்கில் வரவு வைத்துக் கொள்கின்றோம். ஓணான், நெத்திலி, முருங்கைக்காய், குச்சி என்று எத்தனை பெயர்கள்! மத்ரஸாவில் ஒரு சிறுவனுக்கு இட்ட பெயர் அவன் பேரப்பிள்ளைகளைக் காணும் வரையில் அவனை விட்டகலுவதில்லை. தமிழ்த் திரையுலகில் நரசிம்மன் என்றொரு நடிகர் இருந்தார். மெலிந்த உடலே அவருடைய பிழைப்பாயிற்று. ‘ஓமக்குச்சி’ என்னும் அடைமொழியின்றி அவரை அறிந்தோர் அரியர். 2009-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னரும் அப்பெயர் மறையவில்லை. அவர் அதனை மனமுவந்து ஏற்றுத் தொழிலாக்கிக் கொண்டவர். திரையில் அதனைக் கண்டு சிரித்துவிட்டு, மறுநாள் தெருவில் போகும் ஒல்லியான பையன் ஒருவனுக்கு அதே பெயரைச் சூட்டினோமே, அவன் அதனை ஏற்றுக்கொண்டானா என்று எவரும் கேட்டதில்லை.

இனி, உலகறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சாட்விக் போஸ்மன் என்னும் அமெரிக்க நடிகர் 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிளாக் பேந்தர்’ படத்தின் வாயிலாக உலகப் புகழ் எய்தியவர். அப்படத்தில் அவர் கட்டுடல் கொண்ட ஒரு வீர மன்னராகத் தோன்றினார். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கொரோனாப் பெருந்தொற்று அமெரிக்காவை வாட்டிய வேளையில், கறுப்பின மக்களுக்குத் தொண்டாற்றும் மருத்துவமனைகளுக்கு 42 இலட்சம் டாலர் மதிப்புள்ள பாதுகாப்புக் கவசங்கள் வழங்கப்பட இருப்பதை அறிவித்து அவர் ஒரு காணொளி வெளியிட்டார். அறிவித்ததோ அறம். பார்த்தவர்களில் பலர் கண்டதோ அவருடைய ஒட்டிய கன்னங்களை. கவலையுற்றுக் கேட்டோரும் உண்டு. ஆனால் போதைப் பொருளுக்கு அடிமையாகிவிட்டாரோ என்று நையாண்டி செய்து, அவர் நடித்த படத்தின் பெயரையே திரித்து எள்ளியவர்களும் இருந்தனர். அவருடைய உடல் இளைத்த செய்தி, அவர் அறிவித்த கொடையினும் விரைந்து பரவிற்று.

அவ்வாண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் அவர் காலமானார். வயது 43. பெருங்குடலில் தோன்றிய புற்றுநோய் மூன்றாம் கட்டத்தில் இருப்பது 2016-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது என்பதையும், அறுவைச் சிகிச்சைகளுக்கும் மருந்துச் சிகிச்சைகளுக்கும் இடையிலேயே அவர் பல படங்களில் நடித்து முடித்தார் என்பதையும் குடும்பத்தார் வெளியிட்ட அறிக்கை வாயிலாகவே உலகம் அறிந்தது. நான்கு மாதங்களுக்கு முன் நகைத்தவர்கள் நாணித் தலைகுனிந்தனர். யாரிடம் சென்று மன்னிப்புக் கேட்பது?

திருமறையின் ‘ஹுஜுராத்’ அத்தியாயம் பரிகாசத்தைத் தடுக்கும் இடத்தை ஊன்றிப் படிப்போர் இங்கே சற்று நின்று சிந்திப்பர். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளலாகாது என்று மட்டும் கூறி இறைவன் நிறுத்திக் கொள்ளவில்லை. எள்ளப்படுவோர் எள்ளுவோரினும் மேலானவர்களாய் இருக்கக்கூடும் என்று காரணத்தையும் உடன் வைத்தான். பொதுவாகச் சொன்னதோடு அமையாது பெண்களைத் தனியே எடுத்துக் கூறி, அவர்களுக்கும் அதே தடையை விதித்தான். பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் அதே வசனத்தில் விலக்கினான். அதனை அடுத்த வசனமோ புறம் பேசுதலை, இறந்துபோன சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுகின்றது. உடலில் சதையில்லை என்று ஒருவனைப் பழிப்பவன், இருக்கின்ற சதையையும் தின்னுகின்றான் போலும்!

மதீனாவில் நிகழ்ந்ததொன்றை நினைவு கூர்வோம். நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி ஒடிப்பதற்காக அராக் மரமொன்றில் ஏறினார்கள். குட்டையான உருவமும் மெல்லிய கணைக்கால்களும் கொண்டவர்கள் அவர்கள். காற்று வீசிற்று, ஆடை விலகிற்று, கால்கள் தெரிந்தன. கீழே நின்ற தோழர்கள் சிரித்துவிட்டனர். அது பகைவர்களின் சிரிப்பன்று; ஒரே வரிசையில் நின்று தொழுபவர்களின் சிரிப்பு. எதற்காகச் சிரிக்கிறீர்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள். அவருடைய கால்களின் மெலிவைக் கண்டு, என்று அவர்கள் விடையிறுத்தனர். தம் உயிர் எவன் கைவசம் உள்ளதோ அவன்மீது ஆணையிட்டு அண்ணலார் அப்போது கூறினார்கள்: மறுமைத் தராசில் அவ்விரு கால்களும் உஹது மலையினும் கனமானவை என்று.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் கால்கள் மெலிந்தவை அல்ல என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஆறுதல் பொய் சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிட்டால் தேறிவிடும் என்றும் கூறவில்லை. அவர்கள் மாற்றியது தராசை! மதீனாவின் வடபால் அன்றாடம் எல்லோர் கண்ணிலும் படுகின்ற மலை உஹது. சிரித்தவர்கள் அதன்பின் அம்மலையை நோக்கிய போதெல்லாம் அந்தக் கால்கள் நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்?

அக்கால்கள் எங்கெங்கு நடந்தன என்பது நமக்குத் தெரியும். மக்காவில் அண்ணலாருக்கு அடுத்தபடியாகக் குறைஷிகளின் செவிகளில் விழும்படி திருக்குர்ஆனை உரக்க ஓதிய முதல் மனிதர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களே. உமக்கு உதவிக்கு வரக் குலத்தார் இல்லையே, வேண்டாம் என்று தோழர்கள் தடுத்தனர். அவர்களோ முற்பகல் வேளையில் கஅபாவின் அருகே சென்று நின்று ‘அர்ரஹ்மான்’ அத்தியாயத்தை ஓதத் தொடங்கினார்கள். முகத்தில் அடி விழுந்தது, ஓதல் நிற்கவில்லை. காயத்தோடு திரும்பியவர்கள், நாளையும் சென்று ஓதுவேன் என்றார்கள். பத்ருப் போரில் வீழ்ந்து கிடந்த அபூஜஹ்லின்மீது கால் வைத்தவர்களும் அவர்களே. ஆட்டிடையச் சிறுவனே என்று அப்பொழுதும் இழித்துரைத்தான் அவன். சாகும் தறுவாயிலும் எள்ளலை விடாதவன் அவன் ஒருவன்தானா, என்ன?

செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் சமூக ஊடகங்களும் இவ்விஷயத்தில் இரு கைகளாலும் அடிக்கின்றன. ஒரு கை, பெண் என்றால் கொடிபோல் இருக்க வேண்டுமென்று விளம்பரப் படங்களை நீட்டுகின்றது. மறு கை, அப்படி இருப்பவளைப் பிடித்துவைத்து எலும்புக்கூடு என்று தலைப்பிடுகின்றது. விளம்பரத்தைக் கண்டிப்பதில் தவறில்லை, கண்டிக்கத்தான் வேண்டும். 2006-ஆம் ஆண்டில் தென் அமெரிக்க அழகு மாதர் இருவர், ஒருவர் உருகுவே நாட்டவர், மற்றவர் பிரேசில் நாட்டவர், உணவைக் குறைத்து உடலை ஒடுக்கியதன் விளைவாக இளமையிலேயே உயிரிழந்தனர். அதன்பின் இஸ்ரேலும் பிரான்சும் மருத்துவச் சான்றின்றி அத்தகையோரைப் பணியில் அமர்த்துதல் கூடாதென்று சட்டம் இயற்றின.

ஆயினும், கண்டனம் எங்கே முடிந்து பழிப்பு எங்கே தொடங்குகின்றது என்பதற்கு 2025-ஆம் ஆண்டு நல்லதோர் உதாரணம் தந்தது. பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, ஸாரா என்னும் ஆடை நிறுவனத்தின் இரு படங்களை அவ்வாண்டு ஆகஸ்டில் தடை செய்தது. நிழல் விழுந்த விதத்தாலும், கூந்தலை இறுக்கி வாரியிருந்ததாலும், நின்ற கோலத்தாலும் அப்பெண்கள் அளவுக்கு மீறி மெலிந்தவர்களாகக் காட்டப்பட்டனர் என்பது அவ்வமைப்பின் முடிவு. இருவருக்கும் உடல்நலச் சான்றிதழ் உண்டென்று நிறுவனம் தெரிவித்தது. தீர்ப்பு படத்தைப் பற்றியது. நிழலையும் கோணத்தையும் பற்றியது. அதனை நாடெங்கும் பரப்பிய தலைப்புகளிலோ அது அப்பெண்களின் உடலைப் பற்றியதாக மாறிற்று. வெளிச்சத்தை அமைத்தவரையும் படத்தைத் தேர்ந்தவரையும் எவரும் கேலி செய்யவில்லை. நிறுத்தி வைக்கப்பட்ட பெண்ணே விலை கொடுத்தாள்.

“உள்ளதைத்தானே சொன்னேன்” என்பது இதற்கெல்லாம் எப்போதும் கைவசமிருக்கும் விடை. இதற்கு நம் மார்க்கத்தில் இடமில்லை. புறம் என்றால் என்ன என்பதை விளக்கிய பெருமானார் (ஸல்) அவர்களிடம், நான் சொல்வது அவனிடம் உண்மையிலேயே இருந்தாலுமா என்று கேட்கப்பட்டது. இருப்பதைச் சொன்னால்தான் அது புறம், இல்லாததைச் சொன்னாலோ அவதூறு என்பதே அண்ணலார் தந்த விளக்கம். அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உருவம் குட்டையானது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை கையளவில் குறிப்பாய்ச் சொல்லிவிட்டார்கள். கடல் நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் சொல்லொன்றைச் சொல்லிவிட்டாய் என்னும் கருத்துப்பட அண்ணலார் கடிந்துரைத்தார்கள். சொன்னது பொய்யன்று, நீண்ட வசையுமன்று. உடலைப் பற்றிய ஒரு சொல்.

மெலிவு எங்கிருந்து வருகின்றது என்பதையாவது நாம் அறிந்திருக்கிறோமா? பரம்பரையால் ஒல்லியானோர் உண்டு. எத்தனை உண்டாலும் அவர்கள் உடல் பருப்பதில்லை. தைராய்டுச் சுரப்பி மிகுதியாய்ச் சுரப்பதால் இளைப்போர் உண்டு. காசநோயும் சர்க்கரை நோயும் உடலைக் கரைக்கும். மனத்துயரும் கரைக்கும். வறுமையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 2019-21-இல் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 19 பேர் உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள். ஐந்தே கால் அடி உயரமுள்ள பெண் ஏறக்குறைய 47 கிலோவுக்குக் கீழே இருந்தால் அவள் இக்கணக்கில் சேர்ந்துவிடுவாள். ஐவரில் ஒருத்தி! நாம் நகைக்கும் உடலுக்குள் பசி இருக்கின்றதா, பிணி இருக்கின்றதா, படைத்தவனின் எளிய வடிவமைப்பு இருக்கின்றதா என்பதைக் கண்ணால் கண்டறிய இயலாது.

நபிகளாரின் இல்லத்தில் அடுப்பு மூட்டாமலே பிறைகள் கழிந்ததையும், பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவாய் இருந்ததையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்துள்ளார்கள். பயணத்தின்போது அவர்கள் உள்ளே இல்லை என்பதை உணராமலே, பல்லக்கைத் தூக்கி ஒட்டகத்தின் மீது வைத்தவர்கள் சென்றுவிட்டதற்கு, அக்காலப் பெண்கள் சிறிதளவே உண்டு கனமற்ற உடலினராய் இருந்ததைக் காரணமாகச் சொன்னதும் அந்த அன்னையே. எலும்பும் தோலும் என்று எள்ளுவோர் தம் சொல் எந்த வாசல் வரையில் சென்று தட்டுகின்றது என்பதை அறிவார்களாக!

அதே இல்லத்தில்தான் ஓட்டப் பந்தயமும் நடந்தது. மெலிந்திருந்த காலத்தில் அன்னையார் அண்ணலாரை ஓடி வென்றார்கள். பின்னொரு காலத்தில் உடல் சற்றுப் பூரித்தபின் ஓடியபோது அண்ணலார் வென்றார்கள். முன்னதற்கு இது ஈடாயிற்று என்று இனிமையாகச் சொன்னார்கள். மனைவியின் உடல் இரு வேறு நிலைகளில் இருந்தது. கணவரின் அன்பு ஒரே நிலையில் இருந்தது. இதனை நம் வீட்டு ஆடவர் மனைவியரிடம் வாய்விட்டு ஒருமுறை சொல்லிக் காட்டலாம்.

பெண் பார்க்கும் சடங்கை விட்டுவிட முடியுமா? தேநீர்த் தட்டோடு வந்து ஸலாம் சொல்லி நிற்கும் பிள்ளையை மேலும் கீழும் நோக்கி, “பிள்ளை ஒடிசலாக இருக்கிறதே, பிள்ளைப்பேறு தாங்குமா?” என்று அவள் செவி கேட்கச் சொல்லும் மூத்த பெண்மணிகளை நாம் எல்லா ஊரிலும் கண்டிருக்கிறோம். ஓதியிருக்கிறாளா, பண்பு எப்படி, படிப்பு என்ன என்பவை பிறகு. பொருந்தவில்லையெனில் அதனைத் தனித்து, மென்மையாக, காரணம் கூறாமல் சொல்லியனுப்ப மார்க்கம் இடம் தருகின்றது. உண்மையிலேயே உடல்நலம் குறித்துக் கவலையிருந்தால், அப்பெண்ணின் தாயாரை அடுக்களைப் பக்கம் அழைத்து, மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்களேன் என்று சொல்வதற்குக் கால் நாழிகை போதும். கூடத்தில் நின்று சொல்லப்படும் அக்கறை அவளுக்காகச் சொல்லப்படுவதன்று.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் அவைக்கு ஒருநாள் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வந்தார்கள். நின்றிருந்தும், அமர்ந்திருந்தவர்களின் உயரத்தில் ஏறக்குறைய மறைந்து போகும் அளவுக்குச் சிறிய உருவம். கலீஃபா அவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்து சிரித்தார்கள், நெடுநேரம் உரையாடினார்கள். விடைபெற்றுச் சென்ற அந்தச் சிறிய மனிதரை, கண்ணிலிருந்து மறையும் வரையில் உமர் (ரலி) அவர்களின் பார்வை தொடர்ந்தது. அறிவால் நிரம்பி வழியும் சிறு கலம் என்று அவர்களைக் குறித்துச் சொன்னார்கள். பின்னர் கூஃபா நகர மக்களுக்கு ஆசிரியராய் அவர்களை அனுப்பியபோது, தமக்கே தேவைப்பட்ட ஒருவரை உங்களுக்காக விட்டுக் கொடுத்திருக்கின்றேன் என்னும் பொருளில் அந்நகரத்தாருக்கு எழுதினார்கள்.