வயது வரம்பை முதலில் கேளுங்கள்

பணி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியரா நீங்கள்? வெளிநாடு சென்று வணிக ஆங்கிலம் கற்பிக்க விரும்புகிறீர்களா? அவ்வகுப்புகளுக்கு வருவோர், கடிதம் எழுதவும் விலை பேசவும் கற்க விழையும் அலுவலர்கள். அவர்களிடையே நரைத்த தலைக்கு மதிப்புண்டு. சிக்கல் விசாவில்தான் தொடங்குகிறது. சீனா, 60 வயதைக் கடந்தவர்க்குப் பொதுவாகப் பணி அனுமதி வழங்குவதில்லை. ஆகவே, சம்பளத்தை விசாரிக்குமுன் வயது வரம்பை விசாரியுங்கள். குறைந்தது 120 மணி நேரம் கொண்ட கேம்பிரிட்ஜின் செல்ட்டா பயிற்சிக்குப் பணம் கட்டுவதும் அதன் பின்னரே இருக்கட்டும். இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர், கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே பெறலாம். அதற்குமேல் கேட்பவரிடம் ஆயுட்காலச் சேமிப்பை ஒப்படைத்துவிடாதீர்கள். வரம்பைக் கடந்தவரோ மனம் தளர வேண்டியதில்லை. இணையவழியில் வீட்டிலிருந்தே கற்பிக்கலாமே!