ஒரே சபைக்குள் இரு கடவுள்கள்

எகிப்தின் நாக் ஹம்மாடி அருகே, 1945 டிசம்பரில் உரமண் தோண்டிய உழவர்களுக்கு ஒரு ஜாடி அகப்பட்டது. உள்ளே தோல் அட்டை போட்ட பாப்பிரஸ் நூல்கள். சில ஏடுகள் அடுப்பெரிக்கப் போய்விட்டன என்று கண்டெடுத்தவர் பின்னாளில் சொன்னார். தப்பிய 13 தொகுதிகளின் ஏடுகள் இன்று கெய்ரோவின் காப்டிக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அவற்றில் பல, ஆதி கிறிஸ்தவத்தில் மறைஞானமே மீட்பு என்று நம்பிய ஞானவாதிகளுடையவை. அதுவரை அவர்களைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி எதிராளிகள் எழுதி வைத்ததுதான். இப்போது அவர்களே பேசினார்கள். ‘அர்க்கோன்களின் (உலகை ஆளும் சக்திகளின்) இயல்பு’ என்ற நூலில், உலகைப் படைத்தவன் தன்னைத் தவிர வேறு கடவுள் இல்லை என்று பெருமையடிக்கிறான். உடனே மேலிருந்து ஒரு குரல் அது தவறு என்கிறது. ஏசாயா நூலில் கடவுளே சொல்லும் சொல்லை எடுத்து, அப்படியே தலைகீழாக்கிவிட்டார்கள்! படைத்தவன் அறியாமையில் உழலும் சிறுதெய்வம். உண்மைக் கடவுள் அதற்கும் அப்பால். மனிதருக்குள் அந்த மேலுலகின் ஒரு பொறி சிறைப்பட்டுக் கிடக்கிறது. இயேசு வந்தது அதை நினைவூட்டத்தான். அந்த அறிவே மீட்பு.

இவர்களை வெளியிலிருந்து வந்த எதிரிகளாகப் பார்ப்பது பெரும் பிழை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் போதித்த வாலன்டினுஸ், ஆயர் ஆகலாம் என்று எதிர்பார்த்தவர் என்கிறார் பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன். அதே வேத வாசகங்கள், அதே இயேசு. லியோன் நகர ஆயர் இரனேயு 180 வாக்கில் கொதித்தெழுந்ததும் அதனால்தான். அரசனின் உருவமாகப் பதித்த கற்களைப் பெயர்த்து நரியாக அடுக்கிவிட்டு, இதுதான் அரசன் என்கிறார்களே என்று அவர் குமுறினார்.

எந்த நூலை ஏற்பது என்ற கேள்வி இதனால் கூர்மையானது. நற்செய்திகள் நான்கே என்று இரனேயு வாதாடினார். இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே இடம்பெறும் பட்டியலை அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367இல் வெளியிட்டார். தந்தையாகிய கடவுளே அனைத்தையும் படைத்தவர் என்று கிறிஸ்தவ நம்பிக்கை அறிக்கை தொடக்கத்திலேயே அழுத்திச் சொல்வதிலும் இந்தச் சண்டையின் தழும்பைக் காண்கிறேன்.

நாக் ஹம்மாடி நூல்கள் எல்லாமே ஞானவாதம் அல்ல. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் ஒரு பகுதிகூட அவற்றில் உண்டு. ஆனால் அட்டைகளுக்குள் திணித்திருந்த பழைய தாள்கள், இந்த நூல்கள் கிறிஸ்தவர்களிடையே புழங்கியிருக்கலாம் என்று காட்டுகின்றன. ஒன்றின் தேதி 348. வேறு சில, கிறிஸ்தவத் துறவிகள் தொடர்பான கடிதங்கள்.