மூத்த முட்டையும் இளைய முட்டையும்

நாட்டுக்கோழி ஒரே நாளில் பன்னிரண்டு முட்டை இடாது. இன்று ஒன்று, நாளை ஒன்று, நடுவே ஒரு நாள் ஓய்வு என்று இரண்டு வாரம் போல இட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பன்னிரண்டையும் சேர்த்து அடைக்கு வைத்தால், எல்லாக் குஞ்சும் ஏறக்குறைய ஒரே நாளில் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்துவிடும். முதலில் இட்ட முட்டை இரண்டு வாரம் மூத்ததாயிற்றே, அது ஏன் முந்திக்கொள்ளவில்லை? கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். யாரிடமாவது கேட்டதுண்டா?

விடை சூட்டில் இருக்கிறது. கோழியின் உடம்பு நம் உடம்பைவிடச் சூடானது, சுமார் 41 டிகிரி செல்சியஸ். அதன் வயிற்றுக்குள் ஒரு முட்டை உருவாகி முடிய ஒரு நாள் ஆகும். சேவலோடு சேர்ந்த கோழியாக இருந்தால், அந்த ஒரு நாளுக்குள்ளேயே கரு வளரத் தொடங்கிப் பல ஆயிரம் செல்களாகப் பிரிந்துவிடும். முட்டை வெளியே வந்ததும் சூடு தணிகிறது. 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் கரு வளர்வதை நிறுத்திக்கொள்ளும். உடனே செத்துப்போகாது, உறங்கும். பிறகு தாய்க்கோழி அடை உட்கார்ந்து முட்டையை 37.5 டிகிரி அளவுக்குச் சூடேற்றியதும் மூத்தது, இளையது எல்லாம் விட்ட இடத்திலிருந்து ஒன்றாகப் புறப்படும். அன்றிலிருந்து எண்ணினால் 21 நாள்.

இப்போது நம் ஊர்ச் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே 33, 34 டிகிரி அடிக்கிறது. உறங்கவும் முடியாமல், ஒழுங்காக வளரவும் முடியாமல் அரைகுறைச் சூட்டில் கரு தடுமாறும். பகலில் கொஞ்சம் வளர்ந்து, இரவில் தயங்கி, கடைசியில் இறந்தேபோகும். கோடையில் கூமுட்டை அதிகமாவதற்கு இது ஒரு பெரிய காரணம். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று சொல்லி, அடைக்கூடையில் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போட்டுவைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கோடையில் வெயிலும் இடிமழையும் சேர்ந்தே வருவதால் பழி இடியின் மேல் விழுந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் அதே ஊர்களில் இன்னொரு வழக்கமும் உண்டு, அது அருமையான அறிவியல். அகலமான மண்சட்டியில் மணலைப் போட்டு நீர் தெளித்து ஈரமாக்குவார்கள். அதன்மேல் சின்னச் சட்டி ஒன்றை வைத்து, அதற்குள் முட்டைகளை அடுக்கித் துணியால் மூடி, வீட்டின் இருண்ட மூலையில் வைப்பார்கள். மணலிலுள்ள நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், சட்டி குளிரும். மின்சாரம் வேண்டாம், காசும் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். 4, 5 டிகிரிக் குளிரைப் பல கருக்கள் தாங்காது. இந்தச் சட்டியின் மிதமான குளிர்தான் நல்லது. அப்படி வைத்தாலும் ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைதான் நன்றாகப் பொரிக்கும். அதனால் ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பழையது அடுப்புக்கு, புதியது அடைக்கு.

கடையில் வாங்கிய முட்டையை அடைக்கு வைத்துப் பார்க்க ஆசையா? பண்ணைகளில் முட்டைக்கோழியோடு சேவலை விடுவதில்லை. அந்த முட்டையில் கருவே இருக்காது.

அடைக்கோழியை அருகில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? சிறகை உப்பிக்கொண்டு, கை நீட்டினால் கொத்த வரும். அதன் வயிற்றுப் பக்கத்தில் இறகு உதிர்ந்து, தோல் வெறுமையாய்ச் சிவந்திருக்கும். அந்த இடத்தில் இரத்தக்குழாய்கள் நிறைய ஓடுகின்றன. இறகு, குளிரைத் தடுப்பதுபோலவே சூட்டையும் வெளியே விடாது அல்லவா? அதனால் இறகில்லாத தோல் நேராக முட்டையைத் தொடுகிறது. நாள் முழுக்க அலகால் முட்டைகளை உருட்டிப் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொண்டு இறந்துவிடும். பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவைதான் எழுந்து போய்த் தீனி பொறுக்கி, தண்ணீர் குடித்து, புழுதியில் புரண்டு குளித்துவிட்டுத் திரும்பும். அந்தப் புழுதிக் குளியல் பேனைக் கட்டுப்படுத்தும். கூடையில் சாம்பல் போட்டு வைப்பதும் அதற்காகத்தான்.

அடை வேண்டாத நேரத்தில் கோழி அடை படுத்தால் அதன் மூக்கில் இறகைக் குத்திவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்பவர்களையும் தடுங்கள். மூச்சுவிடும் துவாரம் அது. காற்றோட்டமான இடத்தில், வைக்கோல் இல்லாத வெறுங்கூண்டில் சில நாள் விட்டால் அடிவயிறு குளிர்ந்து அடை தானாகத் தெளியும்.

ஓட்டுக்குள் நடப்பதை முதலில் ஒழுங்காகக் கவனித்து எழுதியவர்களில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் ஒருவர், 2,300 ஆண்டுகளுக்கு முன்பு. முட்டைகளை வெவ்வேறு நாளில் உடைத்துப் பார்த்து, மூன்று நாள் ஆனபோது வெள்ளைக்கருவில் ஒரு சிவப்புப் புள்ளி துடிப்பதைக் கண்டார். அதுதான் இதயம். நீங்கள் உடைக்க வேண்டாம். ஏழாம் நாள் இரவு, இருட்டில், டார்ச் விளக்கின் வாயில் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். கரு இருந்தால் சிலந்திக் கால்களைப் போல இரத்தக்குழாய்கள் பரவியிருக்கும். எதுவும் இல்லாமல் தெளிவாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம். சட்டென்று பார்த்துவிட்டுக் கோழியின் அடியில் திரும்ப வைத்துவிடுங்கள்.

அகன்ற முனையில் ஒரு காற்றறை தெரியும். ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாக ஆவியாக அந்த அறை நாளுக்கு நாள் பெரிதாகும். 20ஆம் நாள் வாக்கில் குஞ்சு அதன் சவ்வைக் கிழித்து முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது. உள்ளிருந்தே கீச்சிடும், தாய் வெளியிலிருந்து குரல் கொடுக்கும். பிறகு அலகு நுனியிலுள்ள சின்னக் கூர்முளையால் ஓட்டைக் குத்தும். பாதி உடைத்துவிட்டு மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். பாவம் என்று ஓட்டை உரிக்கப் போகாதீர்கள். மிச்சமிருக்கும் மஞ்சள் கருவையும் இரத்தத்தையும் அது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டால் இரத்தம் கசிந்து இறந்துவிடும். அந்த மஞ்சள் கருதான் இரண்டு நாளைக்கு அதற்குச் சாப்பாடு.

அதற்குப் பிறகு நொய்யரிசி, கம்பு. கூடவே கரையான். பழைய மண்சட்டியில் சாணத்தையும் வைக்கோலையும் கிழிந்த சாக்கையும் நனைத்துத் திணித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் சட்டி நிறைய மொய்த்திருக்கும். வைக்கோலைக் கோழியால் செரிக்க முடியாது. கரையான், தன் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு செரித்துப் புரதமாக்கித் தருகிறது. காசு கொடுத்து வாங்கும் தீவனத்தில் ஒரு பங்கு இதிலேயே மிச்சமாகும். சட்டியை வெயில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள், தாமதித்தால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். எறும்பு மொய்த்திருந்தால் அந்தச் சட்டியைக் குஞ்சுகளுக்குக் காட்டாதீர்கள்.