ஏபிஎஸ் விளக்கு அணையாவிட்டால்

இந்தியாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய கார்களிலும் பல அந்த வசதியோடு வந்தவை. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதிதான் நின்றிருக்கும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

முதலில் பிரேக் ஆயில் அளவு, ஃபியூஸ். பிறகு ஸ்கேனர்; எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று பெரும்பாலும் அதுவே காட்டிவிடும். உடனே சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரை மாற்றச் சொல்வது அவசரம். தஞ்சை வட்டாரத்தில் வயல் சேறும், அறுவடைக் காலத்தில் சாலையில் கிடக்கும் வைக்கோலும் சக்கரத்துக்குள் புகுகின்றன. சென்சார் முனையில் அப்பிய களிமண், துருவேறிய பல்சக்கரம், அறுந்த ஒயர், ஆடும் பேரிங் ஆகியவற்றைப் பார்த்த பிறகே மல்டிமீட்டர். பழைய காந்தச் சுருள் சென்சார் பலவற்றில் ஆயிரம் ஓம் அளவில் மின்தடை இருக்கும். முள் அசையாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. புதிய வகைச் சென்சாருக்கு இந்தச் சோதனை பொருந்தாது.