பறவைப் படமும் ஒளிச்செப்பமும்

பறவையைப் படம்பிடிக்கப் புகுவார்க்குப் பறவை அரிதன்று. அதன்மேற் படும் நல்லொளியே அரிது. சேலத்துக் கன்னங்குறிச்சி மூக்கனேரியிலும், பனமரத்துப்பட்டி ஏரியிலும், நாமக்கல்லை அடுத்த தூசூர் ஏரியிலும் கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் காண்டற்கு எளியன. ஆயின் இச்சமவெளியில் ஞாயிறு விரைந்து மேலேறிவிடும். உச்சி வெயில் பறவையின் முதுகை வெளிறச் செய்து, வயிற்றையும் கண்ணையும் நிழலில் ஆழ்த்தும். இக்குறையைக் கணினியில் மென்பொருள் கொண்டு ஒருவாறு நீக்கலாம். அம்முறையின் இயல்பையும் எல்லையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இம்முறை முற்றும் புதியதன்று. பிலிம் வழங்கிய காலத்தில், இருட்டறையிற் படத்தாளின்மேல் ஒளி விழும்போது, அட்டையால் ஒரு பகுதியை மறைத்து அதனை வெளிதாக்குவர்; வேறொரு பகுதிக்கு மிகுதியாக ஒளி காட்டி அதனை இருளாக்குவர். 1990-இல் வெளிவந்த போட்டோஷாப்பும், 1996-இல் வெளிவந்து இன்றும் விலையின்றிக் கிடைக்கும் கிம்ப்பும் இவ்விரு தொழில்களையும் பழைய பெயர்களாலேயே வழங்குகின்றன.

கணினிப் படமாவது எண்ணிறந்த புள்ளிகளின் தொகுதி. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றற்கும் 0 முதல் 255 வரை அளவு குறிக்கப்படுவது பெருவழக்கு. ஒளி சேர்த்தலாவது இவ்வெண்களை உயர்த்துதலேயாம். மூன்றும் 255-ஐ எட்டிய இடம் வெறும் வெண்மை. ஆங்கு இறகின் வரிகள் அழிந்தொழிந்தமையின், எம்மென்பொருளும் அவற்றை மீட்கமாட்டாது. ஆதலின் கொக்கு முதலிய வெண்புட்களைச் சற்று இருளாகவே எடுத்தல் நலம். 14 பிட் ‘ரா’ கோப்பாக எடுப்பின், 256 படிகளுக்கு மாறாக 16,384 படிகள் கிடைக்கும். நிழலிற் புதைந்த விவரங்களை வெளிக்கொணர இஃது உதவும்.

இனிச் செய்முறை வருமாறு: முதற்கண் மூலப்படத்தைத் தொடாது, அதன் படியொன்றை மேலடுக்காக வைத்துக்கொள்க. பறவையின் கண்ணில் மின்னும் ஒளிப்பொட்டையும் கிளையின் நிழலையும் நோக்கி, ஞாயிறு நின்ற திசையைத் தெளிக. கிம்ப்பில் உள்ள ஒளிவிளைவு வடிப்பானில் விளக்கின் இடம், நிறம், வலிமை ஆகியவற்றை நாமே அமைக்கலாம். அவ்விளக்கை ஞாயிறு நின்ற பக்கத்திலேயே வைக்க. பின்னர் மேலடுக்கின் அடர்த்தியைக் குறைத்து, சேர்த்த ஒளி தனித்துத் தோன்றாதபடி அடக்குக. நிழல் ஒரு பக்கமும் ஒளி ஒரு பக்கமுமாக முரணிய படம் பார்ப்பார்க்கு உடனே ஐயம் விளைக்கும்.

இத்துணைத் திறமுடைய கருவிக்கும் எட்டாதன உள. ஆண் ஊதாத் தேன்சிட்டு நிழலிற் கருநிறமாகத் தோன்றி, வெயிற் பட்டவுடன் நீலமும் ஊதாவுமாக ஒளிர்வதைப் பலர் கண்டிருப்பர். அந்நிறம் சாயத்தால் மட்டும் ஆயதன்று; இறகின் நுண்ணிய அடுக்குகள் ஒளியைத் திருப்பும் வகையாற் பிறப்பது. கணினி விளக்குக்கு இறகின் அமைப்புத் தெரியாது; அது கருமையைச் சாம்பலாக்குமேயன்றி அவ்வொளிர்வைத் தாராது.

அழகின்பொருட்டு எவ்வொளியும் சேர்க்கலாமன்றோ எனின், உண்ணிக்கொக்கை நோக்குக. வயல்களில் மாடுகளைப் பின்தொடரும் இக்கொக்கு ஏனைக் காலங்களில் தூவெண்மையாகவும், இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் பொன்மஞ்சளாகவும் இருக்கும். வெண்கொக்கின்மேல் மாலைப் பொன்னொளியைப் பூசிவிடின், காண்பார் அதனை இனப்பெருக்கக் காலத்துக் கொக்கென மயங்குவர். பொங்கலையொட்டித் தமிழ்நாட்டில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பு முதலியவற்றிற் கலந்துகொள்வோர், ஐயம் நேர்ந்தவிடத்துப் படத்தையே சான்றாகக் காட்டுகின்றனர். சான்று பொய்ப்பின் கணக்கும் பொய்க்கும். 2014-இல் அமெரிக்கப் புகைப்படக் கழகம், பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு, இங்கிலாந்தின் இராயல் புகைப்படக் கழகம் ஆகிய மூன்றும் இயற்கைப் படத்திற்கு ஒரு பொது இலக்கணம் வகுத்தன. இல்லாத பொருளைச் சேர்த்தலையும் உள்ளதை நீக்கலையும் அது விலக்கியது. திருத்தம் இயல்பாய்த் தோன்றல் வேண்டுமெனவும் விதித்தது.

தமிழகத்து இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே புகழ்பெற்றார். பொன்னொளிப் பூச்சின்றியும் அப்படங்களில் விலங்கும் பறவையும் உயிர்ப்புடன் நிற்கின்றன. ஆதலின் மாணவ நண்பர்காள், நிழலிற் கிடக்கும் கண்ணை வெளிக்கொணர இக்கருவியை அஞ்சாது கையாள்வோம். பறவைக்கு இல்லாத நிறத்தை அதன்மேல் ஏற்றாதிருப்போம். மூலப்படத்தை என்றும் அழியாது காத்து, ஒளி சேர்த்த படத்தின்கீழ் அதனை மறையாது குறிப்போமாக.